ஒளியும் வாசலும் – 5: பெனிசெட்டின் மாலைப் பள்ளி

1750ஆம் ஆண்டு. ஃபிலடெல்பியாவில் ஆந்தனி பெனிசெட் என்ற பள்ளி ஆசிரியர் பகல் முழுவதும் குவேக்கர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு வீடு திரும்புவார். சற்று உட்காரலாம் என்று நினைக்கும் நேரத்தில் இன்னொரு வகுப்பு வந்து நிற்கும். வருகிறவர்கள் கறுப்பினப் பிள்ளைகள். சிலர் விடுதலை பெற்ற குடும்பத்தினர், பலர் அடிமைகள். எஜமானர் வீட்டு வேலையை முடித்துவிட்டு, அனுமதி கிடைத்த மாலையில் ஓடி வருகிறவர்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார் பெனிசெட். கட்டணம் வாங்கவில்லை. யாரும் அவரிடம் இதைச் செய்யும்படி சொல்லவுமில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இப்படியே நடந்தது.

குவேக்கர் பள்ளிகளின் வரலாற்றை எழுதும்போது நான் மிகுந்த மரியாதையோடு நின்று பார்க்கும் இடம் இதுதான். பெரிய கட்டடங்களையும் நிறுவனர் சிலைகளையும் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். இன்று அந்தப் பள்ளிகள் தம் விழுமியங்களைச் சொல்லும்போது எளிமை, அமைதி, நேர்மை, சமூகம், சமத்துவம், பொறுப்புடன் பேணுதல் என்று வரிசைப்படுத்துகின்றன. அவற்றில் ஐந்தாவதாக வரும் சமத்துவம் எப்படிப் பிறந்தது, அது வாசலைத் தாண்டி உள்ளே வர எத்தனை காலம் ஆனது என்பதே இந்தப் பகுதியின் செய்தி.

முன்பகுதிகளில் பார்த்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய குவேக்கர் இயக்கம் ஒரே ஒரு நம்பிக்கையின்மேல் நின்றது: ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறைவனின் ஒளி இருக்கிறது. பாதிரியார் வேண்டாம், பீடம் வேண்டாம். எல்லாரும் பேசாமல் கூடி உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு உள்ளிருந்து உந்துதல் வருகிறதோ அவர் எழுந்து பேசலாம், ஆணோ பெண்ணோ. நீதிபதி முன்னாலும் தொப்பியைக் கழற்றமாட்டார்கள், பிரபுவையும் ஒருமையில்தான் அழைப்பார்கள். அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

அவர்களில் ஒருவரான வில்லியம் பென் 1681இல் இரண்டாம் சார்லஸ் மன்னரிடமிருந்து அமெரிக்காவில் பெரும் நிலப்பரப்புக்குச் சாசனம் பெற்றார். பென்சில்வேனியா பிறந்தது. 1689இல் ஃபிலடெல்பியாவில் குவேக்கர்கள் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். வசதியுள்ளவர்கள் கட்டணம் கட்ட வேண்டும், ஏழைகள் இலவசமாகப் படிக்கலாம் என்பது ஏற்பாடு. அன்றைய உலகில் இது சாதாரண விஷயமல்ல. செல்வத்தைவிட நல்ல கல்வி மேல் என்று பொருள்படும் வாசகத்தைத் தன் முத்திரையில் தாங்கிய அந்தப் பள்ளி, வில்லியம் பென் சார்ட்டர் பள்ளி என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

ஆனால் அந்த ஊருக்குள் வேறொன்றும் வந்து இறங்கியிருந்தது. 1684இல் இசபெல்லா என்ற கப்பல் 150 ஆப்பிரிக்கர்களை ஃபிலடெல்பியாவில் கொண்டுவந்து இறக்கியது. காடு வெட்டவும் வீடு கட்டவும் ஆள் தேடிக்கொண்டிருந்த குடியேறிகள் அவர்களை உடனே வாங்கிக்கொண்டார்கள். வாங்கியவர்களில் குவேக்கர்களும் இருந்தார்கள். பென்னும் தன் பண்ணையில் அடிமைகளை வைத்திருந்தார். எல்லாருக்குள்ளும் ஒளி என்று ஞாயிற்றுக்கிழமை அமைதியாக உட்கார்ந்திருந்தவர்கள், திங்கட்கிழமை அந்த ஒளி உள்ள ஒருவரை விலைகொடுத்து வாங்கினார்கள்.

எதிர்ப்பு வராமல் இல்லை. 1688இல் ஃபிலடெல்பியாவை அடுத்த ஜெர்மன்டவுனில் நான்கு பேர் கையெழுத்திட்டு ஒரு மனு எழுதினார்கள். அவர்களில் ஒருவர் ஃபிரான்சிஸ் டேனியல் பஸ்டோரியஸ், பின்னாளில் ஃபிலடெல்பியா குவேக்கர் பள்ளியிலேயே ஆசிரியராக இருந்தவர். மனிதரைத் திருடி விற்பதும் வாங்குவதும் தவறு, நமக்கு இப்படி நேர்ந்தால் பொறுப்போமா என்பது மனுவின் சாரம்.

மனுவுக்கு என்ன ஆயிற்று என்பதைப் புரிந்துகொள்ள, குவேக்கர்கள் முடிவெடுக்கும் முறையை அறிந்திருக்க வேண்டும். அவர்களிடம் வாக்கெடுப்பு கிடையாது. பெரும்பான்மை, சிறுபான்மை என்ற கணக்கும் கிடையாது. கூட்டத்துக்கு ஓர் எழுத்தர் இருப்பார். எல்லாரும் பேசியதைக் கேட்டு, கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணர்ந்து, அதைத் தாளில் எழுதி வாசிப்பார். அனைவரும் ஏற்றால் அது முடிவு. மறுப்பவர் இருந்தால் மறுபடி அமைதி, மறுபடி பேச்சு. இன்றும் குவேக்கர் பள்ளிகளில் மாணவர் மன்றம் வரை இந்த முறை உண்டு. பதினைந்து வயதுப் பெண் எழுத்தராக உட்கார்ந்து, தனக்குப் பிடிக்காத கருத்தையும் நேர்மையாகக் குறித்துக்கொள்ளப் பழகுகிறாள். ஒருவர் பேசி முடித்ததும் சற்று இடைவெளி விட்ட பிறகே அடுத்தவர் வாய் திறப்பார். இதைவிட நல்ல பயிற்சியை ஒரு பள்ளி பிள்ளைகளுக்குத் தர முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த முறைக்கு ஒரு பலவீனமும் இருக்கிறது. ஜெர்மன்டவுன் மனு முதலில் மாதக் கூட்டத்துக்குப் போனது. இது எங்களால் தாங்க முடியாத கனம் என்று அவர்கள் காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஆண்டுக் கூட்டத்துக்குப் போனது. ஆண்டுக் கூட்டம் தீர்ப்புச் சொல்வது பொருத்தமாகாது என்று ஒதுக்கி வைத்தது. அந்தத் தாள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது 1844இல். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்றால், தவறு செய்கிறவரின் சம்மதமும் வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியமானது, அந்த ‘எல்லாரும்’ என்பதற்குள் யார் இருந்தார்கள் என்பது. விற்கப்பட்டவர் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் பெனிசெட்டை வைத்துப் பார்க்க வேண்டும். 1713இல் பிரான்சின் செயின்ட் குவென்டின் நகரில் பிறந்தவர். பெற்றோர் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். பிரான்சில் அந்தச் சமயத்தாருக்கு இடமில்லாததால் சொத்தைப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு ஹாலந்துக்கு ஓடி, லண்டன் போய், 1731இல் ஃபிலடெல்பியா வந்து சேர்ந்த குடும்பம். துரத்தப்படுவது என்னவென்று பெனிசெட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1755இல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஆங்கிலேயர் விரட்டிய பிரெஞ்சுக் கத்தோலிக்கர்கள் நானூறு பேருக்கு மேல் ஃபிலடெல்பியாவில் வந்து இறங்கியபோது, அவர்கள் மொழி அறிந்தவராக அவர்களுக்கு உணவும் இருப்பிடமும் தேடி அலைந்தவரும் இவரே.

வியாபாரக் குடும்பத்தில் பிறந்தும் வியாபாரம் ஒட்டவில்லை. 1739இல் ஜெர்மன்டவுனில் ஆசிரியரானார். 1742இல் ஃபிலடெல்பியா குவேக்கர் பள்ளிக்கு வந்தார். 1754இல் பெண்களுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். பெண்ணுக்குத் தையலும் சமையலும் போதும் என்றிருந்த ஊரில் அவர் இலக்கணமும் கணக்கும் கற்பித்தார். பிரம்பை நம்பாத ஆசிரியர். பிள்ளையின் இயல்பை அறிந்து நடத்தினால் அடிக்கத் தேவையில்லை என்பது அவர் எண்ணம். பிற்காலத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு பாடநூலும் எழுதினார்.

மாலை வகுப்புகளிலிருந்து அவர் கண்டறிந்தது என்ன? கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கற்கும் திறனில் வேறுபாடு இல்லை என்பது. இன்று இதைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அன்று ஐரோப்பாவின் பெரிய தத்துவ மேதைகளே கறுப்பினத்தவரின் அறிவைக் குறைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பெனிசெட் அவர்களோடு தத்துவச் சண்டைக்குப் போகவில்லை. இத்தனை ஆண்டுகள் இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் நானே பாடம் சொல்லியிருக்கிறேன், கறுப்பினத்தவர் மட்டம் என்ற எண்ணம் செருக்கிலும் அறியாமையிலும் பிறந்தது என்று எழுதினார். இது பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்றவரின் சாட்சியம். ஆசிரியர் ஒருவர் மனித வரலாற்றுக்குத் தரக்கூடிய ஆகப் பெரிய கொடை இதுவென்று நான் கருதுகிறேன்.

அதே ஊரில், சந்தைத் தெருமுனையிலிருந்த லண்டன் காபி ஹவுஸ் வாசலில் மனிதர்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பெனிசெட் பேனாவை எடுத்தார். மாலுமிகள், வணிகர்கள், பயணிகள் எழுதியவற்றைத் தேடிப் படித்து, கினியா கடற்கரையில் நடப்பதைத் தொகுத்து 1771இல் ஒரு நூலாக வெளியிட்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, கேம்பிரிட்ஜில் அடிமைமுறை பற்றிய லத்தீன் கட்டுரைப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த தாமஸ் கிளார்க்சன் என்ற இளைஞர் செய்தித்தாள் விளம்பரத்தில் அந்த நூலின் பெயரைப் பார்த்து லண்டனுக்கு ஓடி வாங்கினார். பரிசு பெற்றார். பரிசோடு நிற்கவில்லை, வாழ்நாளையே அடிமைமுறையை எதிர்க்கும் வேலைக்குக் கொடுத்தார். 1787இல் லண்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்க அமைந்த குழுவில் பன்னிரண்டு பேர், அவர்களில் ஒன்பது பேர் குவேக்கர்கள்.

சொந்தச் சமூகமான குவேக்கர்களையும் பெனிசெட் விடவில்லை. அவரும் நியூ ஜெர்சியின் குவேக்கரான ஜான் உல்மனும் சேர்ந்து தந்த நெருக்குதலில் 1758இல் ஃபிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அசைந்தது. அடிமைகளை வாங்கி விற்கும் உறுப்பினர்களுக்குச் சங்க அலுவல்களில் இடமில்லை என்றும், அடிமை வைத்திருப்பவர்களை வீடு தேடிப்போய்ப் பேசுவது என்றும் முடிவானது. 1776இல், அடிமைகளை விடுவிக்க மறுப்பவர் உறுப்பினராகவே இருக்க முடியாது என்ற நிலை வந்தது. ஜெர்மன்டவுன் மனுவிலிருந்து கணக்கிட்டால் 88 ஆண்டுகள்.

1770இல் அவருடைய மாலை வகுப்பு முறையான பள்ளியானது. ஃபிலடெல்பியா மாதக் கூட்டம் பணம் திரட்டி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு இலவசப் பகல் பள்ளியைத் திறந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று வந்தவர்கள் 22 பிள்ளைகள். வாசிப்பு, எழுத்து, கணக்கு, பெண் பிள்ளைகளுக்குத் தையலும். மோசஸ் பாட்டர்சன் முதல் ஆசிரியர். ஆசிரியர்கள் வருவதும் போவதுமாக இருந்த நிலையில், 1782இல் அறுபத்தொன்பது வயதான பெனிசெட் தன் பெண்கள் பள்ளியை விட்டுவிட்டு இந்தப் பள்ளியைத் தானே ஏற்றார்.

1784 மே 3ஆம் தேதி இறந்தார். அவர் உயிலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. மனைவி ஜாய்ஸின் காலத்துக்குப் பிறகு சொத்து அந்தப் பள்ளிக்கே சேர வேண்டும் என்று எழுதினார். கறுப்பினத்தவர், கலப்பினத்தவர், பூர்வகுடியினர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அதிலிருந்து கற்பிக்க வேண்டும். ஆசிரியரை எப்படித் தேர்வு செய்வது என்றும் குறித்திருக்கிறார். மிகுந்த படிப்புள்ள ஆனால் ஈடுபாடில்லாத ஒருவரையும், அவ்வளவு படிக்காவிட்டாலும் உழைப்பும் பக்தியும் பிறர்மேல் அன்பும் கொண்டு இந்தப் பணிக்கு வர விரும்பும் ஒருவரையும் வைத்துப் பார்த்தால், இரண்டாமவரையே எடுங்கள் என்கிறார். நாற்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவரின் முடிவு இது. சவ ஊர்வலத்தில் ஃபிலடெல்பியாவின் கறுப்பின மக்கள் நூற்றுக்கணக்கில் நடந்து வந்தார்கள்.

அவருடைய பள்ளி என்ன விளைவித்தது? அடிமையாகப் பிறந்த அப்சலோம் ஜோன்ஸ் பகலில் எஜமானர் கடையில் வேலை பார்த்து இரவில் குவேக்கர் வகுப்பில் படித்தவர். 1787இல் ரிச்சர்ட் ஆலனோடு சேர்ந்து சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தை நிறுவினார். அந்தச் சங்கம் சில காலம் கூடியதும் அந்தப் பள்ளிக் கட்டடத்தில்தான். பின்னாளில் எபிஸ்கோபல் திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவாகவும் ஆனார். ஜேம்ஸ் ஃபோர்ட்டன் அதே பள்ளியில் சிறுவயதில் படித்தார். தந்தை இறந்ததால் ஒன்பது வயதில் படிப்பு நின்றது. கப்பல் பாய் தைக்கும் பட்டறையில் சேர்ந்து, 1798இல் அந்தப் பட்டறைக்கே முதலாளியாகி, நகரின் செல்வர்களில் ஒருவரானார். அவர் பட்டறையில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாக வேலை செய்தார்கள். அடிமைமுறை ஒழிப்புக்காகக் கேரிசன் என்ற பத்திரிகையாளர் 1831இல் ‘லிபரேட்டர்’ இதழைத் தொடங்கியபோது பணம் கொடுத்துத் தூக்கி நிறுத்தியவர்களில் ஃபோர்ட்டன் முக்கியமானவர்.

இவ்வளவும் பெருமைக்குரியது. ஆனால் பெனிசெட் நடத்தியது தனிப் பள்ளி. கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு கட்டடம், வேறு ஆசிரியர். அடிமைமுறையை எதிர்ப்பது ஒன்று, பக்கத்து இருக்கையில் உட்கார வைப்பது இன்னொன்று. முதலாவதில் உலகத்துக்கே வழிகாட்டியவர்கள் இரண்டாவதில் வெகுகாலம் தயங்கி நின்றார்கள்.

1799இல் ஃபிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் நகரத்துக்கு வெளியே வெஸ்ட்டவுன் என்ற உறைவிடப் பள்ளியைத் திறந்தது. பாதுகாக்கப்பட்ட கல்வி என்பது அன்றைய கொள்கை. உலகத்தின் ஆடம்பரமும் கெட்ட பழக்கமும் அண்டாமல், குவேக்கர் பிள்ளைகளைக் குவேக்கர்களாகவே வளர்ப்பது. நல்ல நோக்கம்தான். ஆனால் வேலி யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்த்தால் விஷயம் மாறுகிறது. உறுப்பினர் பிள்ளைகளுக்கே இடம். கறுப்பினத்தவரை உறுப்பினராக ஏற்பது மிக அரிது. ஆகவே கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. யாரும் இனத்தின் பெயரைச் சொல்லி மறுக்க வேண்டிய தேவையே எழவில்லை.

இந்த ஒதுக்கலை நேரில் அனுபவித்துச் சொன்னவர் சாரா மேப்ஸ் டக்லஸ். 1806இல் ஃபிலடெல்பியாவில் பிறந்த கறுப்பினப் பெண், வாழ்நாள் முழுக்க ஆசிரியர். அவர் தாய் கிரேஸ் குவேக்கர் வழிபாட்டில் ஆழ்ந்த நாட்டம் கொண்டவர். ஆர்ச் தெருக் கூட்ட இல்லத்தில் கறுப்பினத்தவருக்கென ஒரு தனிப் பெஞ்சு இருந்தது. தெரியாமல் யாராவது வெள்ளையர் அங்கே உட்கார வந்தால், இது கறுப்பர்களின் பெஞ்சு என்று தடுத்துவிடுவார்கள். சிறுமியாகத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே வழிபாட்டில் அந்த வார்த்தையைப் பலமுறை கேட்டதாகச் சாரா 1837இல் ஒரு குவேக்கருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். எல்லாரும் மௌனமாக உட்கார்ந்து உள்ளொளியைத் தேடும் அறை அது. அந்த மௌனத்தில் ஒரு குழந்தையின் காதில் விழுந்த சொற்கள் இவை. இந்த வரலாற்றில் எந்த ஆவணத்தையும்விட இந்தக் கடிதம் என்னை அதிகம் தாக்கியது.

சாரா கசந்து ஒதுங்கிவிடவில்லை. ரிச்சர்ட் ஹம்ஃப்ரிஸ் என்ற குவேக்கர் வெள்ளிக்கொல்லர் இறக்கும்போது விட்டுச்சென்ற 10,000 டாலரில் 1837இல் உருவான கறுப்பின இளைஞர் கல்விக்கழகத்தில் 1853 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தார். அந்தக் கழகத்தின் கதை தனி அத்தியாயத்துக்கு உரியது. பணமும் நிர்வாகக் குழுவும் குவேக்கர்களுடையவை. வகுப்பறையில் நின்றவர்கள் கறுப்பின ஆசிரியர்கள். அடிமையாகப் பிறந்த ஃபேனி ஜாக்சன் காப்பின் 1869 முதல் 1902 வரை அதன் தலைமையாசிரியராக இருந்தார். அவருக்கு முன் அந்தப் பொறுப்பிலிருந்த எபனேசர் பேசட் ஹைட்டிக்கு அமெரிக்காவின் தூதராகப் போனார். இன்றைய செய்னி பல்கலைக்கழகம் அந்த விதையிலிருந்து வந்ததுதான்.

ஃபோர்ட்டன் குடும்பத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பேத்தி சார்லட் 1837இல் பிறந்தாள். குவேக்கர் பள்ளியில் எழுத்துக் கற்றுச் செல்வரான தாத்தாவின் பேத்திக்கு, நிறப்பிரிவினை நிறைந்த ஃபிலடெல்பியாவில் தகுந்த பள்ளி இல்லை. மாசசூசெட்ஸின் சேலம் நகருக்கு அனுப்பினார்கள். உள்நாட்டுப் போரின் நடுவே, 1862இல் தென் கரோலினாவின் செயின்ட் ஹெலினா தீவில் விடுவிக்கப்பட்ட அடிமைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியபோது சார்லட் அங்கே கற்பிக்கப் போனார். அந்தப் பள்ளிக்கு வைத்த பெயர் பென் பள்ளி, வில்லியம் பென்னின் நினைவாக.

இருபதாம் நூற்றாண்டின் கதை வேகமாகச் சொல்லி முடிக்கக்கூடியது, ஏனென்றால் நெடுநாள் ஒன்றும் நடக்கவில்லை. குவேக்கர் கூட்டங்களுக்குள்ளேயே சிலர் இனஉறவுக் குழு அமைத்துப் பள்ளிக் குழுக்களைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பெற்றோர் ஏற்கமாட்டார்கள், நன்கொடை நின்றுவிடும், இன்னும் ஒருமித்த கருத்து உருவாகவில்லை என்ற பதில்கள் திரும்பத் திரும்ப வந்தன. வெஸ்ட்டவுன் 1945இல்தான் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வாசலைத் திறந்தது. தலைநகர் வாஷிங்டனில் 1883இல் தாமஸ் சிட்வெல் தொடங்கிய சிட்வெல் ஃபிரெண்ட்ஸ் பள்ளி, 1956இல்தான் படிப்படியாகத் திறப்பது என்று முடிவெடுத்தது. அரசுப் பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாது என்று உச்சநீதிமன்றம் சொல்லி அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெனிசெட் மாலை வகுப்பைத் தொடங்கி 206 ஆண்டுகள்.

சிட்வெல் பள்ளியில் 2009இல் ஒபாமாவின் மகள்கள் சேர்ந்தார்கள். வாரந்தோறும் எல்லா மாணவர்களும் ஆசிரியர்களும் பேசாமல் கூடி உட்காரும் வழக்கம் அங்கே இன்றும் உண்டு. யூத, இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் அதில் உட்கார்கிறார்கள். அமெரிக்காவின் பெரும்பாலான குவேக்கர் பள்ளிகளில் இன்று குவேக்கர் பிள்ளைகளே சிறுபான்மை. பெஞ்சுகளில் யாருக்கும் தனி இடம் இல்லை. தங்கள் பழைய வரலாற்றை மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் சிட்வெல்லின் ஓராண்டுக் கட்டணம் இப்போது 50,000 டாலரைத் தாண்டுகிறது. உதவித்தொகை உண்டு, அது கணிசமானதும்கூட. இருந்தாலும் வாசலில் நிற்பவரைத் தடுப்பது இன்று நிறமா பணமா என்று கேட்டால், பல வீடுகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. வசதி குறைந்தவர்களின் பிள்ளைகளுக்காகவே ஒரு குவேக்கர் பள்ளி தொடங்கப்பட்டதுண்டு. 1779இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லமாக இருந்த கட்டடத்தை டாக்டர் ஜான் ஃபாதர்கில் முன்னின்று வாங்கவைத்து உருவாக்கிய ஆக்வொர்த் பள்ளி அது. தங்கிப் படிக்க அன்று ஆண்டுக்கு எட்டு கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு). அடுத்த பகுதியில் அங்கே போவோம்.

(தொடரும்)